தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கவும்

பிப்ரவரி 3

துரைக்கு,

அண்ணி எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நம் பட்டன் கடைக்கு ஜிப் வரும் அட்டைப்பெட்டியைக் கிழித்து, வரிவரியாகக் கீறி, அந்தச் சந்துக்குள் பேனாவை ஓட்டுகிறேன். என்ன எழுதினேன் என்று திரும்பிப் படித்துப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும். அதனால் திரும்பிப் படிப்பதில்லை. எழுதியது எழுதியதுதான்.

நீ கடைசியாகப் போனில் பேசியதை நான் மறக்கவில்லை. "கடையை வித்துட்டு எங்ககூட வந்துடுங்க அண்ணி, இனிமே உங்களால முடியாது"ன்னு சொன்னே. உன் அண்ணன் போய் வருஷம்கூடத் திரும்பவில்லை அப்போது. போனை வைத்தேன், அதற்கப்புறம் நீ கூப்பிட்டு ஒருமுறையும் எடுக்கவில்லை. கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். போனில் என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன். கடிதம் என்றால் அட்டைச் சந்துக்குள் அடங்கிப் பேச வேண்டியிருக்கிறது. அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் இருபத்தைந்தாம் தேதி கண் ஆபரேஷன். "போனது போனதுதான்மா, இருக்கறதைக் காப்பாத்தப் பாக்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருப்பது என்றால் வெளிச்சம், நிழல், ஆள் உருவம், பூதக்கண்ணாடி வைத்தால் பெரிய எழுத்து. பட்டன் தெரியாது. ஆபரேஷன் முடிந்து பல நாள் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டுமாம். கடையைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாவைச் சேர்த்திருக்கிறேன். நகரப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கை சுத்தம், வாய் சுத்தம். அவருக்கு நம் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது அரைகுறை ஆங்கிலம்தான்.

நான் எழுந்து வரும்போது ஒவ்வொரு பட்டனும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். இடம் மாறிய பட்டன் எனக்குத் தொலைந்த பட்டன். ஒழுங்கு கெட்டால் கடை போச்சு. கடை போனால் உன் வீட்டு ஹாலில் ஒரு நாற்காலியில் நான் உட்கார வேண்டியதுதான். அதற்கு நான் தயாராக இல்லை.

நீ அலமாரிக் கம்பெனியில் எதை எங்கே பொருத்துவது என்று ஆங்கிலத்தில் தாள் எழுதித்தானே சம்பாதிக்கிறாய்? எனக்கும் ஒரு தாள் எழுதிக் கொடு. எதற்கு அப்புறம் எது, எது எங்கே என்று அவருக்குப் புரியும்படி. கடை உனக்குத் தெரியாததா?

பதில் எழுதுவதானால் பெரிய எழுத்தில் எழுது. உன் கொசு எழுத்துக்கு என் பூதக்கண்ணாடி போதாது.

அண்ணி

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணி,

உறையின்மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அலுவலகத்திலேயே எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறிப்போனார். "யாருக்கும் ஒண்ணும் ஆகல, எங்க அண்ணி திட்டி எழுதியிருக்காங்க" என்றேன். "அதுக்கா இப்படிச் சிரிக்கறீங்க?" என்றார்.

அண்ணி, போனில் சொன்னதைப் பற்றி இங்கே நீட்டி எழுதப்போவதில்லை. நீங்கள் கேட்டது தாள். அது என் தொழில்.

உண்மையில் அது நீங்கள் கற்றுக்கொடுத்த தொழில். நான் படிக்க வந்து உங்கள் கடைப் பின்னறையில் தங்கியிருந்தபோது, தினமும் ஆங்கிலப் பாடத்தை உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்வீர்கள். உங்களுக்கு அப்போது ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அர்த்தம் சொல்லு என்பீர்கள். சொல்வேன். "எனக்குப் புரியலையே" என்பீர்கள். "அண்ணி, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, அதான்" என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். "எனக்குப் புரியலைன்னா உனக்கே புரியலைன்னு அர்த்தம்டா துரை. மறுபடி சொல்லு" என்றீர்கள். இன்றைக்கு எங்கள் கம்பெனியில் ஒரு தாள் எழுதி முடித்ததும் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு, தாளைக் கையில் கொடுத்து, அலமாரியைப் பொருத்தச் சொல்வோம். அவர் கதவைத் தலைகீழாக மாட்டினால் தப்பு எங்கள் தாளில். இந்த முறையை நான்தான் கொண்டுவந்தேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யார் கொண்டுவந்தது என்று எனக்குத் தெரியும். இதற்கு நான் உங்களுக்கு நன்றி சொன்னதே இல்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

தாளை எழுத ஒரு ராத்திரிகூட ஆகவில்லை. கண்ணை மூடினால் கடை அப்படியே நிற்கிறது. இடது ஜன்னல் பக்கம் வெள்ளை, அடுத்து சந்தனம், மஞ்சள் என்று போய், உள் மூலையில் கறுப்பு. ஒவ்வொரு இழுப்பறையையும் அதன் நிறத்தோடு எழுதிவிட்டேன். படமும் போட்டிருக்கிறேன். ஒரு குழந்தைகூட அடுக்கிவிடும்.

பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று தாளை அந்த ஓட்டுநர் அம்மா பெயருக்கே தனி உறையில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்.

உங்கள்,
துரை

பிப்ரவரி 16

துரை,

நீ ஒன்றும் செய்ய வேண்டாம் என்றாய். நான் ஒன்றும் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பரிசோதிக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு நாள் முழுக்கப் போனது. அந்த ஒரு நாளில் உன் தாள் வந்து சேர்ந்தது. அந்த அம்மா பஸ் ஓட்டினவர் என்று சொன்னேன் அல்லவா? எழுதிக் கொடுத்த வழியில் போவதுதான் அவருக்கு வேலை. கடையின் ஒவ்வொரு இழுப்பறையையும் உருவி, மேசையில் கொட்டி, நிறம் பிரித்து, உன் படத்தைப் பார்த்துப் பார்த்து அடுக்கி முடித்துவிட்டார். மத்தியானம் சாப்பிடக்கூட இல்லையாம். நான் உள்ளே வந்ததும் "ஆல் டன், மேடம்!" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். 

உன் அண்ணனுக்குக் கண் தெரிந்தது. அதனால் நிறம் பார்த்து வைத்தார். நான் எதற்கு நிறம் பார்த்து வைக்க வேண்டும்? அவர் போன பிறகு, பார்வை மங்க மங்க, ராப்பகலாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கைக்குத் தெரிகிற மாதிரி மாற்றி வைத்தேன். அதை நீ கேட்டாயா? "கடை உனக்குத் தெரியாததா"ன்னு எழுதினது நான்தான், தெரியும். தெரியாது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அன்று சாயங்காலம் பக்கத்துத் தையல்காரர் சட்டைப் பட்டன் கேட்டு வந்தார். கை நீட்டினேன். கோட்டுப் பட்டனும் குழந்தைச் சட்டைப் பட்டனும் ஒரே குவியலாகக் கிடந்தன. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்று சொல்வோமே, அதை என் சொந்தக் கடையிலேயே நின்று பார்த்தேன். "நாளைக்கு வாங்க" என்று அனுப்பினேன். பின்னறையில் போய் அழுதேன். அந்த அம்மா கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தார்.

எழுதியது எழுதியதுதான் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். ராத்திரி கடை சாத்தும்போது இடது ஜன்னல் பக்கம் முதல் இழுப்பறையில் கை வைத்தேன். வெள்ளை அங்கே இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும், உன் தாள் அப்படிச் சொல்லிவிட்டதே. பிறகு ஒவ்வொன்றாகக் கறுப்பு வரைக்கும் நடந்தேன். தினம் காலையில் தூசி துடைத்துக்கொண்டு உன் அண்ணன் நடக்கும் நடை அது. அவர் எங்கே நிற்பார், எங்கே இருமுவார் என்பது எல்லாம் தெரிந்தது. அதற்காக உன்மேல் இருக்கும் கோபம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

அண்ணி

பிப்ரவரி 20

அண்ணி,

உங்கள் கடிதத்தை மூன்று பேர் இருக்கும் அறையில் படித்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன்.

தப்பு தாளில். அந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. முதலில் இதை அவரிடம் தயவுசெய்து சொல்லுங்கள். அவருக்குத் தனியாக ஒரு வரி ஆங்கிலத்தில் இத்துடன் வைத்திருக்கிறேன், தாளைப் பற்றி அல்ல, மன்னிப்பு மட்டும். இந்த உறை உங்கள் பெயருக்குத்தான் வருகிறது. நீங்கள் கொடுத்தால் கொடுங்கள்.

கம்பெனியில் ஒரு தாள் எழுதுமுன் அந்த அலமாரியை நானே ஒருமுறை பொருத்திப் பார்ப்பேன். பொருத்திப் பார்க்காத அலமாரிக்கு எழுத மாட்டேன். உங்கள் கடைக்கு மட்டும் பொருத்திப் பார்க்காமல் எழுதினேன். ஞாபகம் இருக்கிறது என்ற திமிர்.

இனி நீங்கள் சொல்லாமல் ஒரு வரி எழுத மாட்டேன். கடையில் நுழைந்தால் உங்கள் கை முதலில் எதைத் தொடும்? அடுத்து எது? எனக்குச் சொல்லுங்கள். ஆங்கிலத்தைப் பற்றி நினைக்க வேண்டாம், உங்கள் பேச்சில் சொல்லுங்கள். புரியாத இடத்தில் மறுபடி கேட்பேன்.

ஆபரேஷனுக்கு நாள் இருக்கிறது. முடித்துவிடலாம் அண்ணி.

துரை

பிப்ரவரி 25

துரைக்கு,

உன் வரியைக் கொடுத்தேன். அந்த அம்மா படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். தப்பான வழி எழுதிக் கொடுத்துட்டு ஒருத்தரும் என்கிட்ட ஸாரி கேட்டதில்ல" என்றாராம். "என்றாராம்" என்று ஏன் எழுதினேன் தெரியுமா? அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரிந்தது, மீதி நான் யூகித்தது.

கடையைத் திருப்பி அடுக்கிவிட்டோம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனாகத் தடவிச் சொன்னேன், அவர் போட்டார். இத்தனை நாள் இதை யாரோடும் பகிர்ந்துகொண்டதில்லை. சும்மா சொல்லக்கூடாது, கைகால் வலித்தாலும் மனசுக்கு இதமாகத்தான் இருந்தது.

இப்போது கேள். மேல் வரிசை, இரண்டு ஓட்டைப் பட்டன். அதற்குக் கீழே நாலு ஓட்டை. அதற்கும் கீழே ஓட்டையே இல்லாமல் முதுகில் வளையம் வைத்தது. அடி வரிசையில் ஜிப், கொக்கி, எலாஸ்டிக். ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாகப் போகப் போகப் பெரிசு. நிறத்துக்கு? ஒவ்வொரு இழுப்பறைக்குள்ளும் சின்னச் சின்னத் துணிப் பை. பை வாயில் நூல். வெள்ளை என்றால் முடிச்சு இல்லை. கறுப்புக்கு ஒரு முடிச்சு. பழுப்புக்கு இரண்டு. நீலத்துக்கு மூன்று. மற்ற நிறங்களையெல்லாம் முடிச்சுப் போட்டால் நூலே போதாது. அதற்கெல்லாம் கேட்கிறவர்களையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

இன்னொன்று. ஒவ்வொரு வரிசையிலும் இடது ஓரத்து முதல் இழுப்பறை காலி. காலியாகத்தான் இருக்க வேண்டும். என் கை முதலில் அங்கேதான் போகும். திறந்து பார்ப்பேன், காலி என்றால் நான் ஆரம்பத்தில் நிற்கிறேன் என்று அர்த்தம். அதிலிருந்துதான் எண்ணுவேன். அந்த அம்மாவுக்குக் காலி இழுப்பறையைப் பார்த்தால் பொறுக்கவில்லை. "இடம் வேஸ்ட்டா கிடக்கே" என்று ஊசி டப்பாவைப் போட்டு வைக்கிறார். யார் வந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். நீ வந்தாலும் அப்படித்தான் செய்திருப்பாய். சின்ன வயசில் காலி டப்பா கிடைத்தால் விடுவாயா நீ?

உன் மன்னிப்பை நானும் எடுத்துக்கொண்டேன். எனக்கு நீ எழுதவில்லை என்றாலும்.

அண்ணி

மார்ச் 4

அன்புள்ள அண்ணி,

தாள் இத்துடன். உங்கள் பெயருக்கு. நீங்கள் சரி சொன்னால்தான் சுவரில் ஒட்ட வேண்டும்.

உங்களுக்காகத் தமிழில் சொல்லிவிடுகிறேன். முதல் வரி: தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கவும். இதை எழுத எனக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று. முதலில் "இடது பக்கத்தில் தொடங்கவும்" என்றுதான் தொடங்கியிருந்தேன். எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியை உங்கள் கடை மாதிரி அடுக்கிவிட்டு, என் மனைவியிடம் தாளைக் கொடுத்தேன். அவள் அலமாரியின் பக்கத்தில் நின்றுகொண்டு, "யாரோட இடது? என்னோடதா, அலமாரியோடதா?" என்றாள். இனிமேல் முதலில் ஆளை நிறுத்திவிட்டுத்தான் இடது வலது சொல்வது என்று முடிவு செய்தேன்.

பிறகு வருவது: மேல் வரிசை. உங்கள் இடது கை ஓரம். இந்த இழுப்பறை காலி. இதைக் காலியாகவே வைக்கவும். இங்கிருந்துதான் அவர் எண்ணத் தொடங்குவார். இந்தக் கடைசி வரி எதற்கு என்று முதலில் எனக்கே தோன்றியது. உத்தரவு போட்டால் போதாதா? போதாது அண்ணி. ஏன் என்று தெரியாவிட்டால் இரண்டு நாள் காலியாக வைப்பார், மூன்றாம் நாள் ஊசி டப்பா வந்துவிடும்.

"மூடுவதற்கு முன் முடிச்சைத் தொட்டுப் பார்க்கவும்" என்று எழுதியிருந்தேன். என் மனைவி மூடிவிட்டுத்தான் முடிச்சைத் தேடினாள். வரியில் எது முதலில் வருகிறதோ அதைத்தான் கை முதலில் செய்கிறது. அதனால் மாற்றினேன். முடிச்சைத் தொடவும். பிறகு மூடவும். பிறகு அடுத்ததைத் திறக்கவும். ஒரு நேரத்தில் ஓர் இழுப்பறைதான் திறந்திருக்க வேண்டும். "ஒழுங்காக", "சரியாக", "முறைப்படி" என்ற சொற்களையெல்லாம் எடுத்துவிட்டேன். யாருடைய ஒழுங்கு என்று கேள்வி வருகிறதே.

கடைசியில் என் மனைவி தன் துப்பட்டாவால் என் கண்ணைக் கட்டி அந்த அலமாரி முன்னால் நிறுத்திவிட்டாள். சர்க்கரையை எடு என்றாள். காலி இடத்தைத் தொட்டேன், எண்ணினேன், எடுத்தேன். அது சர்க்கரைதான். இரண்டாம் தடவை காலி இடத்தைத் தொடாமல் நேராகக் கையை விட்டேன். உப்பு. அந்தக் காபியை நான்தான் குடித்தேன்.

இப்போதுதான் உங்கள் கடை எனக்குக் கொஞ்சம் தெரிகிறது.

உங்கள்,
துரை

மார்ச் 11

துரைக்கு,

உப்புக் காபி குடித்தாயா? மனசு குளிர்ந்தது.

தாளை ஒட்டியாயிற்று. அந்த அம்மா முதல் வரியைப் படித்துவிட்டுத் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று, கையை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்து, "குட். ஸ்டார்ட்டிங் பாயின்ட்" என்றார். பஸ் நிலையத்தில் வண்டியை நிறுத்துகிற மாதிரி ஒரு திருப்தி அவர் குரலில். நாலு நாளாக நான் பின்னறையில் உட்கார்ந்துகொள்கிறேன், அவர் தனியாக வியாபாரம் பார்க்கிறார். இழுப்பறைச் சத்தத்தை வைத்தே எது திறக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒன்று திறக்கும், மூடும், அப்புறம் அடுத்தது. இத்தனை நாளில் ஒருமுறைகூட இரண்டு ஒன்றாகத் திறக்கவில்லை. ராத்திரி நான் போய்த் தடவிப் பார்த்தால் காலி இழுப்பறைகள் காலியாக இருக்கின்றன. உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். நம் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை, உன் அண்ணன் சாகும்வரை எனக்கு ஒரு நன்றி சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. நீதான் போன மாதம் ஆரம்பித்து வைத்தாய். சரி, நன்றி.

இன்னும் ஒரே ஒரு வரி வேண்டும். கொஞ்சம் தர்மசங்கடமானது.

நான் கடையில் நிற்கும்போது ஏதாவது எடுக்கக் கை நீட்டுவேன். சில சமயம் சட்டென்று கிடைக்கும். சில சமயம் தாண்டிப் போய்விடுவேன், திரும்பக் காலிக்கு வந்து எண்ண வேண்டும். அதற்குள் அந்த அம்மா ஓடி வந்து எடுத்துக் கொடுத்துவிடுகிறார். பாசத்தோடுதான். வாடிக்கையாளர் உடனே "பாவம்" என்கிறார். அந்த ஒரு வார்த்தை போதும், அன்றைக்கு முழுவதும் எனக்குக் கை ஓடாது. எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே என் கை மறந்துவிடும் துரை. கண் போனது பற்றி எனக்குப் பயம் இல்லை. கை போய்விடுமோ என்றுதான் பயம்.

அவரிடம் நேரில் சொன்னால் நொந்துபோவார். நல்ல மனுஷி. என் ஆங்கிலத்தில் நான் சொன்னால் விரட்டுகிற மாதிரி இருக்கும். நீ மரியாதையாக ஒரு வரி எழுதிக் கொடு.

அண்ணி

மார்ச் 17

அன்புள்ள அண்ணி,

ஒரு வரி. இதற்கு இத்தனை நாள் ஆனது.

முதலில் எழுதியது தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "தேவைப்படாத நேரங்களில் உதவி செய்வதைத் தயவுசெய்து தவிர்க்கவும்." படித்தால் ஏதோ ஆபீஸ் வாசலில் தொங்கும் போர்டு மாதிரி இருந்தது. அடுத்தது, "அவர் கேட்டால் மட்டும் உதவவும்." இது சரிதான் என்று என் மனைவியிடம் காட்டினேன். "அப்ப கேக்கற வரைக்கும் அந்தம்மா என்ன செய்யணும்? கையைக் கட்டிக்கிட்டு முறைச்சுப் பாக்கணுமா?" என்றாள். செய்யாதே என்று எழுதினால் கை எங்கே போகும்? செய் என்று ஏதாவது கொடுக்க வேண்டும்.

பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வரி யாருக்கு என்று யோசித்துப் பார்த்தேன் அண்ணி. அந்த அம்மா உங்களுக்குப் பட்டனைத்தான் எடுத்துக் கொடுத்தார். நான் உங்கள் கடையையே கையிலிருந்து எடுக்கப் பார்த்தேன். "இனிமே உங்களால முடியாது" என்று போனில் சொன்னவன் நான். அண்ணன் போன துக்கத்தில் நீங்கள் தடவித் தடவி உங்கள் வழியைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். நான் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். ஓடி வந்துவிட்டேன். போன மாதம் தாளை உங்களைக் கேட்காமல் அனுப்பியதும் அதே ஓட்டம்தான்.

ஆகவே எனக்கு என்ன சொல்லியிருந்தால் புரிந்திருக்கும் என்று பார்த்து எழுதினேன். இரண்டே சின்ன வாக்கியம். "ஷி வில் ஃபைண்ட் இட். வெயிட்." அவர் கண்டுபிடித்துவிடுவார். காத்திருங்கள். அவ்வளவுதான். மரியாதைச் சொல் ஒன்றும் அதில் இல்லை, மன்னிக்கவும். போட்டுப் பார்த்தேன், போட்டால் வரி பலவீனமாகிறது.

இதையும் தாளின் அடியில் ஒட்டிவிடுங்கள். ஒரு பிரதி எழுதி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் நானும் வைத்துக்கொண்டேன்.

இருபத்தைந்தாம் தேதி நான் வரட்டுமா என்று கேட்க ஆசை. கேட்கவில்லை. நீங்கள் கூப்பிட்டால் வருவேன். குணமாகி எழுந்து உட்கார்ந்த பிறகு கூப்பிட்டாலும் வருவேன்.

உங்கள்,
துரை

மே 2

துரைக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். போனிலேயே கேட்டிருக்கலாம், இப்போதெல்லாம் உன் போனை எடுக்கிறேனே. இருந்தாலும் இதைக் கடிதத்தில்தான் சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் கதையெல்லாம் நான் கூப்பிட்டு நீ வந்தபோதே சொல்லிவிட்டேன். குப்புறப் படுத்துக் கிடந்த நாட்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பின்னறையில் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தேன். தரையைத் தவிர வேறு எதுவும் இல்லை. காது மட்டும் கடையில் இருந்தது. ஒன்று திறக்கும், மூடும். அடுத்தது திறக்கும், மூடும். ஒரு நாள் யாரோ வாடிக்கையாளர், "அந்த முதல் இழுப்பறையில என்ன இருக்கு?" என்று கேட்டார். "நத்திங். தட் இஸ் ஹெர்ஸ்" என்றார் அந்த அம்மா. ஒன்றுமில்லை, அது அவங்களுடையது என்று. தலையணை நனைந்துபோனது. கண்ணில் ஈரம் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதையும் நினைத்துக்கொண்டே அழுதேன்.

டாக்டர் சொன்னபடி, இருந்த பார்வை போகாமல் தங்கிவிட்டது. வெளிச்சம் இருக்கிறது, ஆள் இருக்கிறது. நீ உள்ளே வந்தபோது வாசலில் ஒரு உயரமான நிழல் விழுந்தது, நீதான் என்று தெரிந்தது. உன் அண்ணன் மாதிரி நிலைப்படிக்குக் குனிந்தாய்.

சரி, இப்போது உன் நீலக் கோட்டுக்கு வருகிறேன். "அண்ணி, ஒரு பட்டன் விழுந்துடுச்சு" என்று நீட்டினாய். மிச்சமிருந்த பட்டனைத் தடவினேன். நாலு ஓட்டை, சுற்றிலும் எழும்பிய விளிம்பு. இரண்டாம் வரிசை. கை நீட்டினேன், தாண்டிப் போய்விட்டேன். திரும்பிக் காலிக்கு வந்து மறுபடி எண்ணினேன், மறுபடி தவறியது. ஆபரேஷனுக்கு அப்புறம் எழுந்து நின்று எடுக்கும் முதல் பெரிய பட்டன் அதுதான்.   அந்த அம்மா மூச்சு விடுவது கேட்டது. உன் செருப்பு ஒருமுறை தரையில் தேய்ந்தது. வந்துவிட்டான், எடுத்துக் கொடுத்துவிடுவான், அத்தனையும் போச்சு என்று நினைத்தேன். செருப்பு அங்கேயே நின்றுவிட்டது.

மூன்றாம் முறை காலியில் கை வைத்து நிதானமாக வந்தேன். பையைத் திறந்தேன், மூன்று முடிச்சு. அதே விளிம்பு. எடுத்து உன் உள்ளங்கையில் வைத்தேன், நீ விரல்களை மூடிக்கொண்டாய். 

ரொம்ப நேரம் ஆனது எனக்குத் தெரியும். உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்றும் தெரியும். சின்ன வயசில் இட்லி வேகும்வரைகூடப் பொறுக்க மாட்டாத பிள்ளை நீ. எனக்காக நின்றாய். உன் தாளுக்கு நான் சொன்ன நன்றி அரைகுறை. இது முழுசு. தாளை யாரும் எழுதலாம் துரை, நிற்பதுதான் கஷ்டம்.

அந்தப் பட்டனைத் தைத்துக் கொடுத்தது நான்தானே? தைக்கும் முன்னால் பழைய நூல் மிச்சத்தைப் பிடுங்கினேன். தேய்ந்து அறுந்த நூல் நுனி பிசிறு பிசிறாக இருக்கும். உன் கோட்டில் இருந்தது மொட்டையாக இருந்தது. கத்தரி வெட்டு, நீயே வெட்டியது. பட்டன் கடைக்காரியிடமே இந்த வேலையா?

அந்த அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவருக்கு விளங்க வைக்க ஒரு மணி நேரம் ஆனது.

அடுத்த முறை வரும்போது எல்லாப் பட்டனோடும் வா. உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம்.

அண்ணி